நுரையீரற் சிரைகளும் ஒரு சிறு வலைக்குழலும்

மும்பை மாநகரில் வாழும் தமிழருள் கிங்ஸ் சர்க்கிளை அறியாதார் அரியர். மாட்டுங்காவின் சிற்றுண்டிச் சாலைகளுக்கும், சண்முகானந்தா சபையின் அரங்கிற்கும், தாராவிக்குச் செல்லும் வழிக்கும் அதுவே அடையாளம். பிற நகரங்களில் வாழும் நேயர்களுக்காக ஒரு சொல்: அது பல சாலைகள் வந்து கூடும் பெரியதொரு வட்டம், நடுவே பூங்கா, சற்றுத் தொலைவில் அதே பெயருடைய ரயில் நிலையம். ஆனி, ஆடி மாதங்களில் பெருமழை பிடித்துக்கொண்டால், நகரில் விரைவில் நீர் தேங்கும் இடங்களுள் அதுவும், அதை அடுத்த காந்தி மார்க்கெட்டும் அடங்கும். மழை மிகுதி என்று நாம் வானத்தை நோகிறோம். பக்கத்து மேட்டு நிலத்திலும் அதே மழைதான் பெய்தது. இங்கே நிலம் தாழ்ந்தது. நீர் வடியும் வழி போதாது. அவ்வேளையில் கடலும் ஏற்றமாயிருந்துவிட்டால், வெளியே செல்ல வேண்டிய நீர் பின்னோக்கி ஏறிக் கடைப்படிகளைத் தொட்டுவிடுகிறது. வரும் நீரில் குற்றமில்லை. போகும் வழியிலேதான் குற்றம்.

ஒரு குழந்தையின் மார்புக்குள்ளும் இதுபோன்றதொரு நிலை ஏற்படக்கூடும். இன்று அதைப் பற்றியே பேச எண்ணுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் நாம் கற்றது, தமனியில் நல்ல இரத்தம், சிரையில் கெட்ட இரத்தம் என்பது. உடல் முழுவதற்கும் பொருந்தும் இவ்விதி நுரையீரலில் மட்டும் தலைகீழாக மாறுகிறது. இருதயத்தின் வலப்பக்கத்திலிருந்து பிராணவாயு குறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது; அங்கே பிராணவாயுவைப் பெற்றுச் செந்நிறமாகித் திரும்புகிறது. திரும்பும் இரத்தத்தை ஏந்தி வருபவை நுரையீரற் சிரைகள். பெரும்பாலோருக்கு அவை நான்கு, ஒவ்வொரு நுரையீரலுக்கும் இரண்டு வீதம். நான்கும் இருதயத்தின் இடது மேலறையில் வந்து சேர்கின்றன. நுரையீரல் வழியாக இரத்தம் இவ்வாறு சுற்றி வருவதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் என்ற அரபு வைத்தியர் எழுதி வைத்தார். உடல் முழுவதற்குமான இரத்த ஓட்டத்தை ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி 1628-இல் நூலாக வெளியிட்டார்.

இந்தச் சிரைகளில் ஒன்றோ பலவோ குறுகிவிட்டால் இரத்தம் இருதயத்தை வந்தடைய வழியின்றி நுரையீரலிலேயே தேங்குகிறது. தேங்கிய இரத்தத்தின் அழுத்தத்தால் நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்குகிறது. குழந்தை மூச்சு வாங்குகிறது. நாளடைவில் நுரையீரலுக்கு இரத்தம் செலுத்தும் வலது இதய அறை, ஓயாமல் எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைத்துவிடுகிறது. சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் கசிந்த நீரை ஓரளவு வெளியேற்றும். மாநகராட்சி பம்பு வைத்து நீரை இறைப்பது போன்றது அது. இறைக்கத்தான் வேண்டும், ஆனால் இறைப்பதனால் கால்வாய் அகலமாகிவிடுவதில்லை.

இது நமக்கு நூலறிவாக மட்டும் வந்த செய்தியன்று. கிங்ஸ் சர்க்கிள் நிலையத்து மேடையில் ஒரு நாள் மாலை, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சுடைய ஓர் அம்மாள் நம் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். ஆங்கிலத் தாள்களைத் தமிழாக்குவது நம் தொழிலாதலால் தயக்கமின்றி வாங்கிக்கொண்டோம். வாசித்த பின்புதான் தயங்கினோம். அவர் தோளில் உறங்கிய ஏழு மாதக் குழந்தைக்குப் பிறந்த மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டில் இருதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பிழைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், கணவருக்கு வேலை உள்ள தாராவிக்கு வந்துவிட்டார்கள். சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கட்டு ஊரில் மாமியார் வீட்டுப் பெட்டியில் இருந்தது. இரண்டு மாதங்களாகக் குழந்தைக்குச் சளி. மூன்று முறை நிமோனியா என்று மருந்து கொடுத்தார்கள். நான்காம் முறை பார்த்த ஒரு டாக்டர் மார்பிலுள்ள தழும்பைக் கண்டு, எக்கோ படம் எடுக்கச் சொல்லி, அந்தத் தாளை எழுதித் தந்திருந்தார். அதில் இருந்த வாசகத்தின் பொருள்: அறுவைக்குப் பின் நுரையீரற் சிரைச் சுருக்கமாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும்.

அக்குழந்தை பிறந்தபோது நுரையீரற் சிரைகள் நான்கும் சேர வேண்டிய இடது மேலறையில் சேராமல், வேறு வழியாக வலப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தன. கருவில் இருதயம் உருவாகும் காலத்திலேயே நேரும் பிழை இது. தாய் உண்ட உணவாலோ, கிரகணத்தாலோ, கண்ணேறினாலோ வருவதன்று. அறுவைச் சிகிச்சையால் அச்சிரைகளை உரிய அறையோடு இணைத்துத் தைக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் அதன் பின் நன்றாக வளர்கின்றன. ஆனால் பத்தில் ஒரு குழந்தை என்ற அளவில், இணைத்த இடத்திலோ அதற்கு அப்பால் சிரையினுள்ளோ மீண்டும் சுருக்கம் தோன்றுகிறது. பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள், அதிலும் முதல் ஆறு மாதங்களிலேயே, இது தலைகாட்டுகிறது. அறுவையே செய்யாத குழந்தைகளுக்கும், குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் நலிந்த சிசுக்களுக்கும், இந்நோய் வருவதுண்டு. அரிய நோய்தான், ஆனால் அரிது என்பதாலேயே அதை எவரும் முதலில் நினைப்பதில்லை.

பெற்றோர் எதைக் கொண்டு ஐயுற வேண்டும்? பால் குடிக்கையில் குழந்தை அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது. சளி என்றும் நிமோனியா என்றும் திரும்பத் திரும்ப வரும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்தல் பிந்திய குறி. சற்று வளர்ந்த குழந்தைகள் இருமும்போது இரத்தம் வருவதும் உண்டு. மூச்சை எண்ணிப் பார்ப்பது எவராலும் இயலும்: குழந்தை அமைதியாய் இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60-உம், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50-உம், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-உம் எட்டினால் அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. மார்பில் தழும்புள்ள குழந்தைக்கு இப்படி இருந்தால், சாதாரணச் சளியென்று சமாதானம் கொள்ளலாகாது. முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "இருதய ஆபரேஷன் ஆன குழந்தை" என்பதே. அதைச் சொல்லாமல் விட்டதுதான், நாம் மேலே கூறிய குடும்பத்தில், இரண்டு மாதங்களை விழுங்கிவிட்டது.

ஐயத்தைத் தீர்ப்பது எக்கோ எனப்படும் ஒலியலைப் படம். நோவில்லை, ஊசியில்லை. சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் 1953-இல் தொடங்கி வைத்த முறை அது. சிரை எங்கே, எவ்வளவு நீளம் குறுகியிருக்கிறது என்று துல்லியமாக அறியச் சி.டி. படமும் எடுப்பர்.

இனிச் சிகிச்சை. சுருங்கிய இடத்தை மறுபடி அறுத்துச் சீராக்குவது ஒரு வழி. சிரையின் ஓரத்தில் நேரே தையல் போடாமல், சுற்றியுள்ள உறையை இருதயத்தோடு தைக்கும் முறை 1990-களிலிருந்து வழக்கில் உள்ளது. தையல் பட்ட இடம் தடித்துக் குறுகுவதை அது குறைக்கிறது. மற்றொரு வழி, மார்பைத் திறவாமல் இரத்தக் குழாய் வழியாகவே உள்ளே செல்வது. இவ்வழியின் கதை சுவையானது. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், மேலதிகாரியின் தடையை மீறித் தம் கை நரம்பு வழியே ஒரு மெல்லிய குழலைச் செலுத்தி, அது இருதயம் வரை சென்றதை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். அன்று வசவு கிடைத்தது. 1956-இல் வேறு இருவரோடு நோபெல் பரிசு கிடைத்தது. 1964-இல் அமெரிக்காவின் சார்லஸ் டாட்டர், அடைத்த கால் தமனியைக் குழலாலேயே அகலமாக்கினார். 1977-இல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இருதயத் தமனிக்குள் சிறு பலூனை ஊதித் திறந்தார். பலூன் திறந்த வழி மூடிக்கொள்ளாதிருக்க, உள்ளே உலோக வலையாலான சிறு குழலைத் தாங்கலாக வைக்கும் முறை 1986-இல் மனிதரின் இருதயத் தமனிகளில் தொடங்கியது. குழந்தைகளின் நுரையீரல் நாளங்களுக்கு அதைக் கொண்டு வந்தவர்களுள் ஹூஸ்டன் நகரத்துச் சார்லஸ் மல்லின்ஸ் முதன்மையானவர்.

இவ்வலைக்கு ஆங்கிலத்தில் ஸ்டென்ட் என்று பெயர். இதற்கு வேர்ச்சொல் தேடி அகராதிகளைப் புரட்டிய நமக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அது பொருள் குறித்த சொல்லே அன்று. ஓர் ஆளின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் சார்லஸ் ஸ்டென்ட் என்றொரு பல் வைத்தியர் பல்லச்சு எடுக்க ஒரு பசைப்பொருள் செய்தார். அப்பொருளை முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் தோலை ஒட்டுவதற்குத் தாங்கலாக வைத்தார்கள். பின்னர்த் தாங்கலாக வைக்கும் எதற்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நாம் வலைக்குழல் என்று எழுதுகிறோம். ஆஸ்பத்திரியில் கேட்கும்போது ஸ்டென்ட் என்றே கேளுங்கள்; வலைக்குழல் என்றால் மீன் கடைக்கு வழி சொல்வார்கள்.

நுரையீரற் சிரையில் அதை வைப்பது எப்படி? குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, தொடையின் மேற்பகுதிச் சிரையில் ஊசித் துளை இட்டு, கதீட்டர் என்னும் மெல்லிய குழலைச் செலுத்துகிறார்கள். அது வயிற்றுப் பெருஞ்சிரை வழியே இருதயத்தின் வலது மேலறையை அடைகிறது. போக வேண்டிய இடமோ இடது மேலறைக்கு அப்பால். இரு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில், கருக்காலத்துத் துளை சில குழந்தைகளுக்குத் திறந்திருக்கும். இல்லையேல் நுண்ணூசியால் ஒரு சிறு துளை இட்டுக் கடப்பர். அங்கிருந்து மயிர் போன்ற கம்பியைச் சுருங்கிய சிரைக்குள் நுழைத்து, அதன் மீது பலூனையும், பலூன் மேல் மடக்கிய வலைக்குழலையும் கொண்டு சென்று, சில வினாடிகள் ஊதுவர். வலை விரிந்து சிரைச்சுவரில் ஒட்டி நிற்கும். பலூன் திரும்பி வந்துவிடும். எல்லாம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே நடக்கின்றன. இரத்தம் கசிதல், வலை நழுவுதல், மெல்லிய சுவர் கிழிதல் முதலிய ஆபத்துகள் உண்டு. அவற்றை டாக்டர் முன்னமே சொல்வார். சொல்லாவிடில் கேட்க வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பெற்றோர், வழி திறந்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று எண்ணுதல் இயல்பு. இந்த இடத்தில்தான் நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம். முதியோரின் இருதயத் தமனியில் கொழுப்புப் படிந்து அடைப்பு உண்டாகிறது. குழந்தையின் நுரையீரற் சிரையில் அப்படி ஏதும் படிவதில்லை. சிரைச்சுவரின் உயிரணுக்களே பெருகி உள்நோக்கித் தடிக்கின்றன. வலை வைத்த பிறகும் அவை பெருகுவதை நிறுத்துவதில்லை. வலையின் கண்கள் வழியாகவே உள்ளே வளர்ந்து வழியை மறுபடி நெருக்குகின்றன. ஆகவே ஸ்டென்ட் வைப்பது நோயை வேரறுப்பதன்று. காலத்தை வாங்கித் தருவது. சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் படம் எடுத்து, வேண்டுமாயின் மீண்டும் பலூனால் விரிக்க வேண்டும். பல குழந்தைகளுக்கு இது மூன்று முறை, நான்கு முறை என்று தொடர்கிறது. எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிடுகின்றன என்று சொல்வதும் உண்மையாகாது. நான்கு சிரைகளும் குறுகிய சிசுக்களின் நிலை இன்றும் கடினமானதே. ஒன்றிரண்டு சிரைகளில் மட்டும் சுருக்கம் உள்ள குழந்தைகள் அவர்களைவிட நன்றாகத் தேறுகின்றனர்.

குழலின் அளவும் இதில் பெரிதும் முக்கியம். பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 7 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள வலைக்குழல்கள் சிறியவற்றைவிட நெடுநாள் திறந்திருந்தன. ஆனால் சிசுவின் சிரையோ பல வேளைகளில் அவ்வளவு பெரிதாய் இருப்பதில்லை. அப்போது முதியோரின் இருதயத் தமனிக்கென்று செய்த 3, 4 மில்லிமீட்டர்க் குழலை வைத்து, குழந்தை வளர வளரப் பெரிய பலூனால் விரிக்கிறார்கள். குழந்தை வளரும், உலோகம் தானே வளராது. சட்டையைப் பிரித்துத் தைப்பது போல இதையும் காலத்துக்கேற்பப் பெரிதாக்கியாக வேண்டும்.

உயிரணுக்களின் பெருக்கத்தையே தடுக்கும் மருந்தை வலையில் பூசுவதும், அதே மருந்தை வாய்வழி கொடுப்பதும் இப்போது கையாளப்படும் முறைகள். சிரோலிமஸ் என்பது அதன் பெயர். 1964-இல் பசிபிக் மாகடலின் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடா நாட்டுக் குழுவினர் எடுத்து வந்த ஒரு பிடி மண்ணில் இருந்த நுண்ணுயிர் அதைத் தந்தது. அதைப் பிரித்தெடுத்த விஞ்ஞானி நம்மவர்: காசி இந்து சர்வகலாசாலையில் மருந்தியல் பயின்ற சுரேந்திரநாத சேகல். 1980-களின் தொடக்கத்தில் மான்ட்ரியால் ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, வேலை கைவிடப்பட்ட அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்றினார். 1999-இல் அம்மருந்து சிறுநீரக மாற்றுக்கு அங்கீகாரம் பெற்றது. பிறகு வலைக்குழல்களிலும் ஏறியது. அண்மை ஆண்டுகளில் இச்சிறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்க்கப்படுகிறது. சுருக்கம் மீள்வது மெதுவாவதாக அமெரிக்க மருத்துவமனைகளின் அனுபவம் காட்டுகிறது. நோய்த்தடுப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்தாதலால் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துச் சோதித்தே தர வேண்டும்.

எங்கே போவது, எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகள் எழும். இது எல்லா ஊர்களிலும் நடக்கும் சிகிச்சையன்று. குழந்தைகளின் இருதய நோய்க்கென்றே தனிப் பிரிவுள்ள இடம் வேண்டும். தில்லியின் எய்ம்ஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரத்து ஸ்ரீசித்ரா, கொச்சி அமிர்தா ஆகியன இத்துறையில் நீண்ட பயிற்சியுள்ளவை. கிங்ஸ் சர்க்கிள்வாசிகளுக்குப் பரேல் தொலைவன்று. 1968-இல் டாக்டர் பி.கே. சென் நாட்டின் முதல் இருதய மாற்று அறுவையைச் செய்த கே.இ.எம். மருத்துவமனையும், 1929-இல் தோன்றிய வாடியா குழந்தைகள் மருத்துவமனையும் அங்கே அருகருகே உள்ளன. செலவைப் பொறுத்தவரை, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இருதயத் தமனி ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை வரையறுத்தது. சாதாரண வலைக்கு ரூ. 7,260, மருந்து பூசியதற்கு ரூ. 29,600 என்பது அன்றைய அளவு. அதற்கு முன் பல மடங்கு விலை கொடுத்தவர்கள் உண்டு.

புலம்பெயர்ந்து வாழ்வோர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் பெயருள்ள குடும்பம், ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருப்பினும் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். ஊரில் எடுத்த அட்டை ஊரோடு நின்றுவிடும் என்று எண்ணி அதைப் பரணில் போட்டு வருவோர் பலர். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிறவி இருதய நோய் தேடிக் கண்டறியப்படுகிறது. அதன் வழியாகவும் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

அட்டையைக் காட்டிலும் முக்கியமானது கட்டு. அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, ஒவ்வொரு எக்கோவின் அறிக்கை, கதீட்டர் செய்த நாளின் படம் உள்ள தட்டு, வைத்த வலைக்குழலின் அளவு எழுதிய சீட்டு, மருந்துகளின் அளவு ஆகிய இவை குழந்தை போகுமிடமெல்லாம் உடன் போக வேண்டும். கதீட்டர்க் கூடத்து மருத்துவர் முதலில் கேட்பது பழைய வலையின் விட்டத்தைத்தான். அது தெரிந்தால்தான் எந்தப் பலூனால் எவ்வளவு விரிக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். வலை வைத்தபின் இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின் முதலியவை தருவர். ஊருக்குப் போகும் அவசரத்தில் அதை ஒரு வாரம் நிறுத்துவதும் தீங்கே.

நாம் தாளை வாசித்துச் சொன்ன குடும்பம் மறுநாளே மருத்துவமனைக்குச் சென்றது. ஊரிலிருந்த கட்டை மாமியார் ஒரு பேருந்துக்காரரிடம் கொடுத்தனுப்ப, மூன்றாம் நாள் அது மும்பை வந்து சேர்ந்தது. இடப்பக்கத்துச் சிரைகள் இரண்டும் குறுகியிருந்தன. இரண்டிலும் வலைக்குழல் வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து ஒன்றை மறுபடி விரித்தார்கள். அண்மையில் அதே நிலையத்து மேடையில் அவ்வம்மாளைக் கண்டோம். குழந்தை நடக்கிறது, ஒன்பது கிலோ எடை என்றார். கையில் ஊர் ஜவுளிக்கடையின் மஞ்சள் பை ஒன்று இருந்தது. உள்ளே என்ன என்று நாம் கேட்கவில்லை. அவரே திறந்து கட்டைக் காட்டி, அடுத்த எக்கோவுக்கு எழுதியிருந்த தேதியைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறேனா என்று கேட்டார். சரியாகவே வாசித்திருந்தார்.